நாற்பத்தொரு முறை குணமானவள்

சுகினோ கிளினிக்கில் நான் ஊசி போடுகிறவள். முரோதா தோகிகோ நோய்க்குப் பெயர் போடுகிறவள். நோய்க்குப் பெயர் போடுவது டாக்டரின் வேலையில்லையா என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். டாக்டர் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரைக்குள் எழுபது பேரைப் பார்க்கிறார். ஆளுக்கு மூன்றே நிமிஷம். நோயாளியின் சீட்டில் அவர் எழுதுவது பெரும்பாலும் ஒரே ஒரு சொல்: 'அதே'. போன தடவையின் அதே வலி, அதே மருந்து, அதே ஊசி. அந்த 'அதே'யை இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒத்துக்கொள்ளும்படி ஒரு நோயாக்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் அனுப்பிவைப்பது முரோதாவின் பொறுப்பு. முப்பத்தொரு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

எங்கள் ஊர் தொத்தோரிக் கடற்கரையில் இருக்கிறது. நண்டு சீசனில் பாதி ஊர் நண்டுத் தொழிற்சாலையில் நின்றுகொண்டிருக்கும், மீதிப் பாதி எங்கள் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும். முரோதாவின் அப்பா துறைமுகத்தில் ஐஸ் ஆலையில் இருந்தவர். மகளை பாங்கில் சேர்க்க ஆசைப்பட்டார். பாங்குக்காரர்கள் ஆசைப்படவில்லை. தபால் வழியில் மருத்துவ அலுவலகப் படிப்பு ஒன்றைப் படித்துப் பரீட்சை எழுதி, இப்போதைய டாக்டரின் அப்பா காலத்தில் இங்கே வந்து சேர்ந்தாள். அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு ரப்பர் முத்திரை. இடுப்புவலி, இரைப்பை அழற்சி, ரத்தக்கொதிப்பு என்று இருநூறு முத்திரைகள் சுழலும் தட்டில் தொங்கும். அவள் பார்க்காமலே கையை நீட்டி எடுப்பாளாம். இதை அவளே சொன்னதில்லை. மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் சொன்னார். அவரையும் அவள் மதித்ததில்லை, அது வேறு விஷயம்.

ஒரு லாரி டிரைவரைக் கல்யாணம் செய்து நாலு வருஷம் வாழ்ந்தாள். ஏன் பிரிந்தீர்கள் என்று நான் ஒருமுறை வாயைக் கொடுத்தேன். "ஒத்துவரல" என்றாள், அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்கு எங்களோடு உட்காரமாட்டாள். தன் சின்னக் காருக்குள் போய், பயற்று இனிப்பு வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே வானொலியில் சுமோ கேட்பாள். அவளுக்குப் பிடித்த மல்லன் தோற்ற நாளில் பிற்பகல் முழுக்க யாரும் கவுண்டர் பக்கம் போகமாட்டோம்.

அவளுடைய தொழிலைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. எந்த மருந்து கொடுத்தாலும், எந்தப் பரிசோதனை செய்தாலும், அதற்குப் பொருத்தமான ஒரு நோய்ப்பெயர் இன்ஷூரன்ஸுக்கு அனுப்பும் சீட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சரிபார்க்கிறவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'உடம்பெல்லாம் வலி' என்று பட்டியலில் ஒரு பெயர் இருக்கத்தான் இருக்கிறது. அதற்கென்று ஒரு குறியீடும் உண்டு. ஆனால் அதைப் போட்டு வலிப் பட்டி எழுதினால், பட்டியை எந்த இடத்தில் ஒட்டினீர்கள் என்று கேட்டுத் திரும்பி வரும். அதனால் உடம்பெல்லாம் வலிக்கிறது என்று வருகிறவரை முரோதா கூறுபோடுவாள். கழுத்துக்கு ஒரு பெயர், தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, முட்டிக்கு ஒன்று.

கூறுபோட்டால் பெயர்கள் சேர்ந்துகொண்டே போகும். ஒரே ஆளுக்குப் பதினேழு நோய் இருந்தால் அதற்கும் கேள்வி வரும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பெயர்களை எல்லாம் 'குணமானது' என்று முடித்துவிட்டு, அடுத்த நாள் தேதியில் புதிதாகத் தொடங்குவாள். யாரும் யாரையும் ஏமாற்றுவதாக இதை நினைத்ததில்லை. சமையலறையைத் துடைக்கிற மாதிரி ஒரு வேலை, அவ்வளவே. முரோதாவின் சீட்டுகள் திரும்பி வருவது அபூர்வம். பக்கத்து ஊர் கிளினிக்குகளிலிருந்து ஃபோன் செய்து அவளிடம் சந்தேகம் கேட்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாதம், குவாஹாரா மிசுயே என்ற பெண் கவுண்டருக்கு வந்தாள். ஐம்பத்திரண்டு வயது. கைத்தடியோடு வந்தாள், கூட அக்காவும் வந்திருந்தாள். பத்து வருஷத்துக்கு முன்னால் நண்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது எங்களிடம் வைத்தியம் பார்த்தாளாம். பிறகு வேலை செய்ய முடியாமல் நின்றுவிட்டாள். அதற்கும் பிறகு, பல்கலைக்கழக மருத்துவமனையில் அவளுக்கு வந்திருப்பது நார்த்தசை வலி நோய் என்று கண்டுபிடித்தார்கள். எக்ஸ்ரேயில் தெரியாது, ரத்தத்தில் தெரியாது, உடம்பு முழுக்க வலிக்கும். இயலாமைப் பென்ஷன் என்று ஒன்று இருப்பதை அந்த வருஷம்தான் யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பென்ஷன் முழுக்க ஒரு தேதியில் தொங்குகிறது. இந்த நோய்க்காக முதன்முதலில் டாக்டரைப் பார்த்த நாள் எது? தொழிற்சாலையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் என்றால் அவளுடைய நிலைமைக்குப் பென்ஷன் உண்டு. வேலையை விட்ட பிறகு என்றால் எதுவும் கிடையாது. அக்காவின் வீட்டு மாடி அறையில் அவள் இருந்தாள். அக்காவின் கணவர் ரிட்டயர் ஆகிவிட்டார், மாடி அறை மகனுக்கு வேண்டும் என்கிறார். அக்கா இதைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள், தங்கை எங்கள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் எங்களிடம்தான், 2013 ஏப்ரலில். அதை ஒரு தாளில் எழுதி டாக்டர் முத்திரை குத்திக் கொடுத்தால் போதும் என்று நினைத்து வந்திருந்தார்கள். ஆனால் நோயாளிகளின் சீட்டுகளை ஐந்து வருஷம் வைத்திருந்துவிட்டு டிசம்பரில் அழிக்கக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். குவாஹாராவின் சீட்டு போய்விட்டது. அழிக்கப் போன பெட்டிக்குக் கயிறு கட்டியதும் முரோதாதான். கம்ப்யூட்டரில் மிஞ்சியது நோய்ப்பெயர்ப் பட்டியல் மட்டும். அதை அச்செடுத்து அவள் நீட்டினாள். மூன்று பக்கம் வந்தது.

குவாஹாரா உட்கார்ந்து, விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக அதைப் படித்தாள். இடுப்புவலி, குணமானது. தோள்மூட்டு அழற்சி, குணமானது. மறுபடி இடுப்புவலி, மறுபடி குணமானது. இதை வைத்துக்கொண்டு போனால் பென்ஷன் அலுவலகம் என்ன சொல்லும் என்று எனக்கே தெரிந்தது. அவை சின்னச் சின்ன வலிகள், எல்லாம் ஆறிவிட்டன, பெரிய நோய் பல்கலைக்கழக மருத்துவமனையில்தான் ஆரம்பம் என்று சொல்லும். அப்போது அவள் வேலையில் இல்லை.

"எண்ணிப் பாத்தேன். நாப்பத்தோரு தடவை எனக்கு குணமாயிருக்கு. ஒரு தடவைகூட எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றாள் குவாஹாரா.

அவள் கேலியாகச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குரலை உயர்த்தவில்லை. காத்திருந்த இரண்டு கிழவர்கள் சிரித்தார்கள். முரோதா சிரிக்கவில்லை. அந்தப் பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நாளைக்கு ஃபோன் செய்கிறேன் என்று மட்டும் சொல்லி அவர்களை அனுப்பினாள். அன்று மதியம் அவள் காருக்குப் போகவில்லை. சுமோ நடந்துகொண்டிருந்த மாதமா என்பது ஞாபகமில்லை, ஆனால் ரொட்டி கவுண்டர் மேலேயே கிடந்தது.

பன்னிரண்டரைக்கு டாக்டரிடம் போனாள். கதவு திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது. டாக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் பயந்த மனிதர். அந்தப் பெண்ணை அவருக்கு ஞாபகமில்லை, சீட்டும் இல்லை, பட்டியலில் இருப்பதை அப்படியே எழுதி முத்திரை வைக்கலாம், அதற்கு மேல் ஒரு வரி சேர்த்தாலும் பொய் சாட்சியாகிவிடும் என்றார். முரோதா ஒரு யோசனை சொன்னாள். பென்ஷன் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து விசாரித்திருக்கிறாள், அந்தக் காலத்தில் நோயாளியை நேரில் கவனித்த மருத்துவ ஊழியர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் அதையும் பார்ப்பார்களாம். பெயர்களைப் பிரித்தது நான், குணமானது என்று முடித்தது நான், அதை நான் எழுதுகிறேன் என்றாள்.

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீங்க ஒருத்தருக்காக எழுதுவீங்க, முரோதா சான். அதைப் பாத்துட்டு நம்ம முப்பது வருஷத்தையும் தோண்ட ஆரம்பிச்சாங்கன்னா?" என்றார். தோண்டினால் எல்லா இடத்திலும் இதுதான் இருக்கும் என்று அவள் பதில் சொன்னாள். அது அவரைச் சமாதானப்படுத்துகிற பதில் இல்லை.

வெளியே வந்து என்னிடம் கேட்டாள். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நோயாளியைக் 'கவனித்தவள்' ஆவாளா என்பது அவளுக்கே சந்தேகமாக இருந்தது. நர்ஸ் என்றால் சந்தேகமே இல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, இரண்டரை வருஷம் அந்தப் பெண் வந்திருக்கிறாள். அறுபது ஊசிக்குக் குறையாமல் என் கையால் போட்டிருப்பேன்.

எனக்கு அவள் முகம்கூட ஞாபகமில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஞாபகம் வந்தது ஒன்றே ஒன்று. ஊசி போடும் அறையில் நாங்கள் எங்களுக்குள் ஒரு பெண்ணுக்கு 'எல்லா இடமும்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தோம். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் அவள் அப்படித்தான் சொல்வாள். அவள் உள்ளே வரும்போது ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம். அது குவாஹாராதானா, வேறு யாராவதா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள்.

"நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதி முத்திரை குத்திடறேன்" என்றேன்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா, இதகாகி சான்?"

"இல்ல."

"அப்ப எழுதாதீங்க."

எனக்கு வந்ததே கோபம். நல்லது செய்யப் போனால் இப்படி மூக்கறுபடுவதா? "முப்பத்தொரு வருஷமா இல்லாத முட்டிவலியெல்லாம் எழுதினவங்க நீங்க. எனக்குப் பாடம் எடுக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதனாலதான் சொல்றேன்" என்றாள் முரோதா.

அவளே எழுதினாள். கையால், கறுப்பு மையில், இரண்டு நாள் மதிய இடைவேளையில். எழுதியதைத் திருத்தவில்லை, கிழித்துப் போடவில்லை. எழுதி முடித்து என்னிடம் படிக்கக் கொடுத்தாள், எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள் என்று. பிழை ஒன்றும் இல்லை. அதில் இப்படி இருந்தது:

'2013 ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை, குவாஹாரா மிசுயே முதன்முறையாக வந்தார். எங்கே வலிக்கிறது என்று கவுண்டரில் நான் கேட்டேன். எல்லா இடத்திலும் என்றார். அப்படி எழுத முடியாது, முக்கியமான இடத்தைச் சொல்லுங்கள் என்று நான் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, எதை விடுவது என்று தெரியவில்லை என்றார். இடுப்பு என்று எழுதியது நான். பிறகு வந்த எல்லாப் பெயர்களையும் பிரித்தது நான். குணமானது என்று போட்டதும் நான். அவர் ஒருமுறையும் குணமானதாகச் சொல்லவில்லை.

'கவுண்டர் தட்டில் நான் திருப்பி வைக்கும் இன்ஷூரன்ஸ் அட்டையை அவரால் விரலால் கிள்ளி எடுக்க முடியாது. பையைத் தட்டின் விளிம்பில் பிடித்துக்கொண்டு முழங்கையால் அட்டையை அதற்குள் தள்ளுவார். மே மாதத்திலிருந்து நான் அட்டையை நிமிர்த்திச் சாய்த்து வைத்தேன். கையுறையைப் பல்லால் கழற்றுவார். குளிர்காலத்தில் நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்வார். 2014 செப்டம்பரில் அட்டை மாறியது, தொழிற்சாலையை விட்டுவிட்டேன் என்றார். அன்று அவருக்கு முதலில் வந்த ஏப்ரலைவிட வலி குறைவாக இருக்கவில்லை. எழுந்து நிற்பதற்கு எடுத்த நேரம் அதிகமாகியிருந்தது.'

நான் அதை இரண்டு தடவை படித்தேன். அந்தக் கவுண்டருக்கு மூன்று எட்டில்தான் என் அறை. இந்தப் பல்லும் கையுறையும் முழங்கையும் என் கண்ணில் பட்டதே இல்லை. என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது, அதை முரோதாவின் மேல் காட்டி, மூன்றாவது வரியில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று குறை சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

டாக்டர் பட்டியலின்படியே தன் தாளை எழுதி முத்திரை வைத்தார். முரோதாவின் தாளைத் தடுக்கவுமில்லை, தொடவுமில்லை. கையெழுத்துக்குப் பதிலாக அவளுடைய சொந்த முத்திரையோடு அது போயிற்று. அதற்குப் பிறகு மூன்று மாதம் டாக்டர் தபால்காரர் வரும் நேரத்தில் ஜன்னலோரமாகவே நின்றார். முரோதா வழக்கம்போலப் பத்தாம் தேதிக்குள் எல்லாச் சீட்டுகளையும் அனுப்பினாள்.

அக்டோபரில் பென்ஷன் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தாள். முரோதாவைக் கேட்கவில்லை, நர்ஸைக் கேட்டாள். மரியாதையான குரல், ஆனால் விடாக்கண்டி. இந்த முரோதா என்பவர் அலுவலகப் பணியாளர்தானே, சிகிச்சை அறைக்குள் வருகிறவர் இல்லையே என்றாள். இல்லை என்றேன். அப்படியானால் நோயாளியின் உடல்நிலையை நேரில் கவனிக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்ததாகச் சொல்ல முடியாது, சரிதானே என்றாள். பேனாவை எடுக்கிற சத்தம் கேட்டது. நான் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தக் கோப்பு மூடிவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முரோதா யாருக்கோ அட்டையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்க. அந்தம்மாவுக்கு அறுபது ஊசி போட்டது நான். எனக்கு முகம் ஞாபகமில்ல. மருந்து எழுதினது டாக்டர். அவருக்கும் இல்ல. உடம்பைப் பாக்க வேண்டியவங்க நாங்க ரெண்டு பேரும் பாக்கல. பாத்தது அவங்க ஒருத்தங்கதான்" என்றேன்.

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, இதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டாள்.

தந்தேன். இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்து, ஒரு நோயாளியை நான் கவனிக்கவில்லை என்று கைப்பட எழுதி முத்திரை குத்துவது எப்படி இருக்கும் என்று எழுதியவளுக்குத்தான் தெரியும். ஆறே வரிதான். முத்திரை இரண்டு தடவை கோணலாக விழுந்தது. டாக்டரிடம் காட்டவில்லை. முரோதாவிடமும் காட்டவில்லை, அவள் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

கிளினிக்கைத் தோண்ட யாரும் வரவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்கும். டிசம்பர் மாதம் குவாஹாராவுக்குக் கடிதம் போயிற்று. முதல் நாள் 2013 ஏப்ரல் 9 என்று ஒத்துக்கொண்டுவிட்டார்கள். இதை அக்கா ஃபோனில் சொல்லி அழுதாள். மீன் சந்தைக்குப் பின்னால் தங்கைக்குத் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்திருப்பதாகவும் சொன்னாள்.

புது வருஷம் பிறந்து இரண்டாவது வாரம் குவாஹாரா தனியாக வந்தாள். வைத்தியத்துக்கு அல்ல. இனிப்புப் பெட்டி எதுவும் கொண்டுவரவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. கடைசி ஆள் போகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கவுண்டருக்குப் போனாள். முரோதா எழுந்து நின்றாள். இரண்டு பேரும் குனிந்து வணங்கினார்கள். குவாஹாரா குனிந்து நிமிர வெகுநேரம் ஆயிற்று, முரோதா அதுவரை நிமிரவில்லை.

நீங்கள் எழுதிய தாளின் நகல் ஒன்று வேண்டும் என்றாள் குவாஹாரா. அலுவலகத்தில் கேட்டதற்கு மூலத்தைத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். பென்ஷன்தான் வந்துவிட்டதே, இனி அது எதற்கும் தேவைப்படாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள் என்று முரோதா நிதானமாக விளக்கினாள்.

"பணம் பாங்குக்கு வந்துடும். அது வேற. பத்து வருஷமா எத்தனையோ பேர் என்னைப் பத்தி எழுதியிருக்காங்க. எனக்கு வலிச்சதுன்னு எழுதியிருக்கறது அந்த ஒரு தாள்லதான்" என்றாள் குவாஹாரா.

முரோதா உள்ளே போய்த் தன்னிடமிருந்த பிரதியை நகலெடுத்தாள். இயந்திரம் நின்ற பிறகும் வெகுநேரம் அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வந்து, தாளை உறையில் போட்டு, தட்டில் வைக்காமல் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, குவாஹாராவின் கையிலேயே கொடுத்தாள்.